1,500 ரூபாய்க்குக் கொடுத்த படம் யாருடையது?

திருப்பூர் பக்கத்திலிருந்து 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். மூன்று வருடங்களாக, துணியில் அச்சடிக்கும் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து தருகிறார். சம்பளம் கிடையாது, படத்துக்கு ரூ.1,500. ஒப்பந்தம் எதுவும் இல்லை. எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில்தான். கல்லூரி நாட்களில் தனக்காக வரைந்த ஆறு மைக்கோட்டுப் படங்களையும் (பனைமரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள் அதில் ஒன்று) ஓனர் பார்த்துப் பிடித்துப்போய் அதே விலைக்கு வாங்கிக்கொண்டார். போன வருடம் ஐரோப்பியக் கடை ஒன்றின் இணையதளத்தில் தன் குருவிக்கூடு குழந்தைகள் டி-சர்ட்டில் 14 யூரோவுக்கு விற்பதைப் பார்த்திருக்கிறார். விசாரித்தால், அந்த ஆர்டர் மட்டும் 40,000 பீஸ். பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு, “காசு வாங்கிட்டீங்கல்ல அம்மிணி, அப்புறம் படம் எங்களுதுதானுங்க” என்று பதில் வந்திருக்கிறது. கடைசியாக வரைந்த படங்களுக்கு ரூ.85,000 எட்டு மாதமாக நிற்கிறது. இப்போது ஒரு தாளை அனுப்பி, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பாக்கி என்கிறார்கள். இதுவரை வரைந்த எல்லாப் படங்களின் எல்லா உரிமைகளும், உலகம் முழுக்க, என்றென்றைக்கும், ஏ.ஐ. மென்பொருளுக்குக் கொடுப்பது உட்பட, கம்பெனிக்கே என்கிறது அந்தத் தாள்.

தோழி ஒருவர் போலீசில் புகார் கொடுக்கச் சொல்கிறார். அண்ணன் சொல்வது வேறு: “துணிதான் ஏற்றுமதி ஆகுது, உன் படம் இல்ல. நீ வரையறதால நாட்டுக்கு ஒரு ரூபா வருமா? பேசாம பேங்க் பரீட்சை எழுது.” கையெழுத்துப் போடலாமா, வழக்குப் போடலாமா, இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அவசரமான பதில். அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மாதக் கடைசி என்பது அவர்கள் வைத்த கெடு. அது தாண்டினாலும் உங்கள் உரிமை எதுவும் போய்விடாது. செய்த வேலைக்கான ரூ.85,000 தனிக் கணக்கு, உரிமைகளை எழுதிக் கொடுப்பது தனிக் கணக்கு. முதலாவதைத் தர இரண்டாவதைக் கேட்பது அழுத்தம், சட்டம் அல்ல.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். படம் ஏற்கெனவே தங்களுடையது என்றால், மூன்று வருடம் கழித்து இந்தத் தாள் எதற்கு? என் ஊகம் இது: வெளிநாட்டு பையர்கள் (ஆடைகளை வாங்கும் நிறுவனங்கள்) ஆர்டர் கொடுக்கும்போது, ஆர்ட்வொர்க்கில் வேறு யாருக்கும் உரிமை இல்லை, பிரச்சினை வந்தால் நாங்கள் பொறுப்பு என்று சப்ளையரிடம் எழுதி வாங்குவது வழக்கம். யாரோ அந்தக் காகிதத்தைக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஓனர் கையில் அது இல்லை. பேச்சுவார்த்தைக்கு நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பதை மனதில் வையுங்கள்.

காசு வாங்கினால் படம் போய்விடுமா?

ஓனர் நினைப்பதும் தவறு, நீங்கள் கடிதத்தில் நினைப்பதும் பாதிதான் சரி. ‘நான் வரைந்தது, ஆகவே எல்லாம் என்னுடையது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17வது பிரிவு படைப்பாளியையே முதல் உரிமையாளர் என்கிறது, ஆனால் விலக்குகளோடு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியில் இருந்தபோது படைத்தது முதலாளிக்குப் போகும். நீங்கள் ஊழியர் இல்லை, அதனால் அது உங்களுக்குப் பொருந்தாது. பலர் கவனிக்காத விலக்கு அடுத்தது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியம், உருவப்படம் போன்றவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே சொந்தம்.

ஆகவே உங்கள் படங்களை இரண்டாகப் பிரியுங்கள். ‘பட்டாம்பூச்சி வேண்டும், மூணு கலர், வியாழக்கிழமைக்குள்’ என்று ஓனர் சொல்லி வரைந்தவை ஒரு பக்கம். இங்கே உங்கள் நிலை அவ்வளவு உறுதியானதல்ல. அந்த விலக்கில் ‘ஓவியம்’ இருக்கிறது, ‘கோட்டுப்படம்’ என்ற சொல் இல்லை என்று வாதாடலாம். வாதாடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஆறு மைக்கோட்டுப் படங்கள் மறுபக்கம். அவற்றை யாரும் வரையச் சொல்லவில்லை. கல்லூரி நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஆசிரியர் சிவப்பு மையில் தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பெறுமதியான வரி அதுதான். அந்தத் தேதிகள் நீங்கள் ஓனரைச் சந்திப்பதற்கு முந்தியவை. நோட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், பக்கங்களைக் கிழித்து ஃபிரேம் போடவும் வேண்டாம். இந்த ஆறுக்கும் முதல் உரிமையாளர் நீங்கள். அந்த உரிமை மாற்றப்பட வேண்டுமென்றால் நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது 19வது பிரிவு. ஜிபேயில் விழுந்த 1,500 ரூபாய் அந்த எழுத்து ஆகாது.

50 பீஸ் சிக்கல்

இத்தனையும் படித்துவிட்டு வழக்குப் போட்டால் ஜெயம்தான் என்று கிளம்பிவிடாதீர்கள். ஜவுளியில் வரைபவர்கள் எல்லோரையும் இடறிவிடுகிற ஒரு பிரிவு இருக்கிறது. பொருளின் தோற்றத்தைக் காக்கும் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திர முறையில் அதை 50 தடவைக்கு மேல் பொருளில் அச்சிட்டுவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துபோகும் (பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 15). ஓவியருக்கு ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும் என்று நீங்கள் படித்த பாதுகாப்பு, டி-சர்ட்டைப் பொறுத்தவரை 51வது பீஸோடு நின்றுவிடக்கூடும். சோபா துணியில் அச்சிட்ட டிசைன்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் இப்படித்தான் தீர்ப்பளித்தது.

இதில் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். ‘டி-சர்ட்டில் அடிக்க நான்தான் அனுமதி கொடுத்தேன்’ என்றால் 50 கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ‘அனுமதியே கொடுக்கவில்லை’ என்றால், ஃபைல் அனுப்பிப் பணமும் வாங்கினீர்களே என்று எதிர்த்தரப்பு கேட்கும். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது: எத்தனை பீஸுக்கு, எந்த நாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று நீங்கள் இருவரும் பேசவே இல்லை. கோபத்தில் வாட்ஸ்அப்பில் நீளமாக எதையாவது எழுதிப் போடாதீர்கள். நடந்ததைத்தான் எழுத வேண்டும், ஆனால் ஒரு வக்கீல் பார்த்த பிறகு எழுதுங்கள்.

முழுக்க இருட்டும் இல்லை. 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எடுத்த எடுப்பிலேயே இந்தப் பிரிவைக் காட்டி வழக்கைத் தள்ளிவிட முடியாது, அது கலைப்படைப்பா தொழில் வடிவமைப்பா என்று தன்மையை விசாரித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. டி-சர்ட்டுக்கு வெளியே உங்கள் படம் படமாகவே நிற்கிறது. புத்தகத்துக்கு, வாழ்த்து அட்டைக்கு, சுவரில் மாட்டும் பிரிண்டுக்கு அதைக் கொடுக்கும் உரிமை உங்களிடமே இருக்கிறது. பெயர் போடச் சொல்லும் உரிமையும் (பிரிவு 57) தனியாக உண்டு. படைப்பை விற்ற பிறகும் அது படைப்பாளியோடு இருக்கும். விஞ்ஞான் பவன் சுவரிலிருந்த தன் வெண்கலச் சிற்பத்தை அரசு பிய்த்தெடுத்துக் கிடங்கில் போட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் போராடி, 2005இல் சிற்பத்தையும் ரூ.5 லட்சம் இழப்பீட்டையும் பெற்றது இந்தப் பிரிவின் கீழ்தான். குழந்தைகள் டி-சர்ட்டின் லேபிளில் பெயர் போடு என்று நீதிமன்றம் உத்தரவிடுமா? கஷ்டம். ஆனால் பேச்சுவார்த்தையில் கேட்டு வாங்கலாம்.

ஐரோப்பிய சட்டம் இந்த விஷயத்தில் நம்முடையதைவிடத் தாராளம். ஒரு நாற்காலியைக் காப்பியடித்த வழக்கில், 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஐரோப்பாவுக்கு வெளியே உருவான பயன்பாட்டுக் கலைப் படைப்புக்கும், அதன் சொந்த நாட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதைக் காட்டிப் பதிப்புரிமையை மறுக்க முடியாது என்று கூறியது. அந்த நாற்காலியை வடிவமைத்தவர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி. 1958இல் நம் அரசு கேட்டுக்கொண்டதற்காக ‘இந்தியா அறிக்கை’ எழுதிக் கொடுத்தவர்களும் இவர்களே. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. எங்கே போனாலும் இந்தத் தொழிலில் வட்டம் சின்னதுதான்!

அதற்காக அந்தக் கடைக்கு நேரடியாக நோட்டீஸ் அனுப்பச் சொல்ல மாட்டேன். அங்கே வக்கீல் வைக்கும் செலவு உங்கள் ஒரு வருட வருமானத்தைத் தின்றுவிடும். பையர் பயந்துபோய் ஆர்டரை நிறுத்தினால், இதில் சம்பந்தமே இல்லாத டைலர், செக்கிங், பேக்கிங் ஆட்களின் வேலை போகும். அப்படி ஒரு வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது என்பது ஓனருக்குத் தெரிந்தால் போதும்.

போலீஸ் புகார் பற்றி

பதிப்புரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை உண்டு. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. உங்கள் தோழி சொல்வது சட்டப்படி தவறில்லை. ஆனால் பணம் கைமாறிய, அனுமதி பற்றியே தகராறு உள்ள விஷயம் இது. ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று உங்கள் மேலேயே பேச்சு வரும். ஊரில் எல்லா பிரிண்டிங் யூனிட்டும் ஒன்றையொன்று அறிந்தவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வழி வேண்டாம்.

அந்த ரூ.85,000

பாக்கி வசூலுக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. முதலில் வக்கீல் நோட்டீஸ். அசையாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ‘வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை’ என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு இதுதான் பதில்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, சிறுதொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்வது. ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. டிசைன் வேலையும் சேவைத் தொழில்தான். பதிவு இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத வேலைக்கு 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தக் கெடு தாண்டிய தொகையை, உண்மையில் கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. ஓனர் உங்கள் பேச்சைக் கேட்காவிட்டாலும் தன் ஆடிட்டர் பேச்சைக் கேட்பார். ஆனால் பதிவுக்கு முன் செய்த வேலைக்கு இந்தப் பலன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் முன்பு சொல்லியிருக்கிறது. அந்தக் கேள்வி 2025இல் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. ஆகவே பழைய பாக்கிக்கு இதை நம்பாதீர்கள், இனிவரும் வேலைக்கு.

அண்ணனின் கேள்வி

சட்டத்தைத் தாண்டியது என்றாலும் உங்களை வாட்டுவது இதுதான் என்று படுகிறது. அண்ணன் உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கு தப்பு.

திருப்பூர் ஆண்டுக்கு ரூ.30,000 கோடிக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி, பையர் அனுப்பும் டிசைனுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. அங்கே பேரம் நூல் விலையிலும் தையல் கூலியிலும் நடக்கும், பக்கத்திலேயே பங்களாதேஷும் வியட்நாமும் இன்னும் குறைத்துத் தரத் தயாராக நிற்கும். சொந்த டிசைன் வைத்திருப்பவர் மேசைக்கு வந்தால்தான் பேச்சு மாறும். உங்கள் குருவிக்கூட்டைப் பார்த்து ஒரு பையர் ‘இதுதான் வேண்டும்’ என்றாரே, அந்த 40,000 பீஸை அடுத்த தெரு யூனிட்டுக்குத் தூக்கிக் கொடுக்க அவரால் முடியாது. அந்த ஆர்டரை இங்கே நிறுத்தியது படம்.

பிரிட்டன் 1998இல் தன் படைப்புத் தொழில்களைப் பட்டியலிட்டபோது, தனிமனிதரின் படைப்பாற்றலில் பிறந்து, அறிவுசார் சொத்தின் வழியாகச் செல்வமும் வேலையும் தரக்கூடிய தொழில் என்று வரையறுத்தது. நாட்டின் உற்பத்தியைக் கணக்கிட ஐ.நா. வகுத்த முறையும் 1993 முதல் கலை, இலக்கிய மூலப் படைப்புகளை மூலதனமாகவே வைக்கிறது. மீண்டும் மீண்டும் பயன்பட்டு வருமானம் தரும் மூலப்படம், நிட்டிங் மெஷினைப் போல ஒரு சொத்து. அந்த முறையின் 2008 பதிப்பைத் தழுவித்தான் நம் நாடும் 2015இலிருந்து மொத்த உற்பத்திக் கணக்கைப் போடுகிறது. அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

ஆனால் அவர் சொல்வதில் கசப்பான ஒரு பங்கு உண்மை இருக்கிறது. 1,500ஐ 40,000ஆல் வகுத்தால் பீஸுக்கு நாலு பைசாகூட வராது. மெஷினை வாடகைக்கு விட வேண்டியவர் அதை இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். காகிதம் இல்லாத படம் யார் கணக்கிலும் சொத்தாக ஏறாது, ‘பிரிண்டிங் செலவு’ என்ற வரியில் கரைந்துவிடும். நாட்டுக்கு வருமானம் வருகிறது, உங்களுக்கு வரவில்லை. தொழிலை விடுவதா என்ற கேள்வியை, விற்கும் விதத்தை மாற்றிப் பார்த்த பிறகு கேளுங்கள். அதுவரை பேங்க் பரீட்சைக்குப் படித்தாலும் தப்பில்லை. மாதச் சம்பளம் இருக்கும்போது ‘இந்த விலைக்கு முடியாது’ என்று சொல்லத் தைரியம் வரும்.

என்ன கேட்கலாம்?

வழக்கைவிடப் பேச்சுவார்த்தையே உங்களுக்கு லாபம் என்பது என் கருத்து. அவர்கள் தாளுக்குப் பதில் நீங்கள் ஒரு தாள் கொடுங்கள். சொல்லி வரைந்த படங்களை முழுமையாக விட்டுக்கொடுக்கலாம், பெரிதாக இழக்கப்போவதில்லை. ஆறு படங்களுக்கு மட்டும் உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு, துணியில் அச்சிட அனுமதி தருகிறேன் என்று எழுதுங்கள். எந்தப் படம், எந்தப் பொருள், எந்த நாடுகள், எத்தனை வருடம், பீஸுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றும் வர வேண்டும். பீஸுக்கு ஒரு ரூபாய் என்றாலும் அந்த ஒரு ஆர்டருக்கே ரூ.40,000 ஆகிறது, 14 யூரோ டி-சர்ட்டில் அது யாரையும் கவிழ்க்காது. உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அவர்கள் தாளில் ‘உலகம் முழுக்க, என்றென்றைக்கும்’ என்று மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஏ.ஐ. வரியை அடித்துவிடுங்கள். உங்கள் கோட்டின் பாணிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, குறிப்பிட்ட படத்துக்குத்தான் உண்டு. இயந்திரத்துக்குப் படங்களைக் கொடுப்பது மீறலா என்பதை நம் நீதிமன்றங்கள் இன்னும் தீர்க்கவில்லை. தீராத விஷயத்தில் நீங்களே முன்வந்து சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இனி புதிதாக வரைவதில், நன்றாக ஓடும் என்று தோன்றும் படத்தை யாருக்கும் காட்டும் முன் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள். தனிநபருக்குக் கட்டணம் ரூ.1,000. பத்து வருடப் பாதுகாப்பு, மேலும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் பதிவுக்குப் போனால் ‘புதியது’ என்ற தகுதி போய்விடும். படத்தை நமக்கு நாமே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பதிவு ஆகாது, தபால் செலவுதான் மிச்சம்.

சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும்போது அந்த நோட்டு, வாட்ஸ்அப் உரையாடலின் முழு ஏற்றுமதி (ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனையும் அழிக்காமல் வையுங்கள்), பணம் வந்த வங்கிக் கணக்குப் பட்டியல், அந்தக் கடையின் பக்கத்தைத் தேதியோடு எடுத்த பிரிண்ட், கையெழுத்துப் போடாத அந்தத் தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அதற்குள் ஓனர் போன் செய்தால், ‘வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேனுங்க’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.